மைக்குக்குப் பின்னிய உறை

ஜனவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முழங்கால் எப்படி இருக்கு? மாத்திரையை தினமும் போடறியா, இல்ல வலி வந்தா மட்டும் போட்டுட்டு டாக்டர்கிட்ட பொய் சொல்றியா?

உனக்கு ஒரு பெரிய பார்சல் வரும். நீ தூக்காதே, கொண்டு வர்றவரையே மாடி வரைக்கும் ஏத்தித் தரச் சொல்லு. உள்ளே ரெண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, பேனா கனத்துல ஒரு மைக் இருக்கும். ஸ்பீக்கர் ரெண்டும் எங்க பட்டறையில நானே செஞ்சது. மரவேலை கொஞ்சம் கோணல்தான், முதலாளி பார்த்துட்டுச் சிரிச்சார். சத்தம் கோணல் இல்லை.

போன தடவை வந்தப்போ கவனிச்சேன். அப்பா போனதுக்கு அப்புறம் வீட்டுல பாட்டே இல்லை. நீ தட்டை மேசையில வைக்கிற சத்தம் அடுத்த ரூம் வரைக்கும் கேட்டுது. எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் இது ஒண்ணுதான்.

கறுப்புப் பெட்டிதான் இதுல முக்கியம். எந்த ரூமும் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி நடத்தாது. சிலதை ஊதிப் பெரிசாக்கும், சிலதை முழுங்கிடும். நீ வழக்கமா உட்கார்ற நாற்காலியில, உன் காது வர்ற உயரத்துல மைக்கை வச்சுப் பச்சைப் பொத்தானை அமுக்கு. ஸ்பீக்கர் அடிக்குரல்ல ஆரம்பிச்சு உச்சி வரைக்கும் ஒரு ஊளை விடும். பயப்படாதே. மைக் கேட்டது எல்லாம் பெட்டியில இருக்கற சின்னக் கார்டுல பதிஞ்சிடும். அதை எனக்கு அனுப்பு. உன் ரூம் பண்ற தப்பை எல்லாம் நான் கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்பறேன். அந்தத் தப்புக்கு எதிர்த்தப்பு பண்ணிப் பெட்டி பாட்டை நேராக்கிடும்.

உடம்பைப் பார்த்துக்கோ.

உன்
சுண்டு


ஜனவரி 24

என் சுண்டுக்கு அம்மா எழுதறது,

முழங்கால் அதே முழங்கால்தான், மாத்தி வாங்கவா முடியும். நீ வேளைக்குச் சாப்பிடு. ஆறடி வளர்ந்தவன் ரெண்டு பிஸ்கட்டுல ஒரு நாளை ஓட்டக்கூடாது.

போன்ல பேசினா என்னன்னு நீ கேட்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். போன்ல நீ "ம்", "சரி", "வைக்கட்டா" மூணும்தான் பேசறே. தபால் ஆபீஸ்ல முப்பது வருஷம் ஊரார் கடிதத்தைத் தெருவாரியாப் பிரிச்சு அடுக்கினவ நான். எனக்குன்னு ஒண்ணு வரும்போது இருக்கற சுகமே வேற. ஆனா இனிமே தபால் கார்டுல மட்டும் எழுதாதே. போன மாசம் என் முழங்காலைப் பத்திக் கார்டுல எழுதினியே, அடுத்த வாரமே கடைத்தெருவுல பழைய ஆபீஸ்காரி ஒருத்தி நிறுத்தி "முழங்கால் எப்படி இருக்கு"ன்னு விசாரிக்கறா. பிரிக்கற இடத்துக்குக் கார்டு வந்தா எல்லாரும் படிப்போம், அது அங்க பழக்கம். ஒரு பொண்ணு தன் மாமியாரைப் பத்தி எழுதினதை நாங்க ஆறு பேர் சாப்பிட்டுக்கிட்டே படிச்சிருக்கோம். நம்ம வீட்டு விஷயம் கவர்ல போட்டு ஒட்டித்தான் போகணும்.

நீ சொன்ன மாதிரியே மைக்கைப் பத்திரமா வச்சு அளந்துட்டேன். கார்டு உள்ளே இருக்கு. ஊளைன்னு சொன்னே, அது ஊளை இல்லடா, கப்பல் மூழ்கற சத்தம். முடியறதுக்குள்ள கதவைத் தட்டினார் கீழ்வீட்டுக்காரர். புதுசா குடி வந்தவர், பேக்கரி வச்சிருக்கார். ராத்திரி ரொட்டி சுட்டுட்டுப் பகல்ல தூங்கற மனுஷன். புருவம் பூரா மாவு, ஒரு கால்ல மட்டும் செருப்பு. "மேல என்னம்மா, லாரி ஏதாவது ரிவர்ஸ் எடுக்குதா"ன்னு கேட்டார். மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். முசுடு.

அம்மா


பிப்ரவரி 6

அன்புள்ள அம்மாவுக்கு,

சளி பிடிச்சிருந்தது, இப்ப தேவலை. நீ பயப்படற அளவுக்கு இல்லை.

உன் கார்டுல பதிஞ்ச அளவைப் பார்த்துப் பட்டறையே கூடிடுச்சு. இப்படி ஒரு ரூமை நாங்க பார்த்ததே இல்லை. மேல் சத்தத்தை எல்லாம் சுத்தமா முழுங்கிடுது. சுவருக்கு மெத்தை ஏதாவது அடிச்சு வச்சிருக்கியா? எப்படியோ, முழுங்கற அளவுக்கு ஏத்திக் கொடுத்திருக்கேன்.

இன்னும் ரெண்டு வேலை பண்ணியிருக்கேன். அடிக்குரல்ல ஒரு இடத்துல உன் ரூம் பயங்கரமா குமுறுது. தரை வழியா இறங்கிக் கீழ்வீட்டுக்காரரை எழுப்பறது அதுதான். அதை வெட்டிட்டேன். பாவம், தூங்கட்டும். அப்புறம் இடது ஸ்பீக்கர் உன் நாற்காலிக்குக் கிட்ட இருக்கு, வலது கொஞ்சம் தள்ளி இருக்கு. கிட்ட இருக்கறதைக் கண் இமைக்கற நேரத்தை விடக் குறைவா காக்க வச்சிருக்கேன். தூரத்துல இருக்கறது வந்து சேர்ந்ததும் ரெண்டும் ஒண்ணா உன் காதுக்கு வரும். கார்டைப் பெட்டியில சொருகிட்டு ஒரு பாட்டுப் போட்டுப் பாரு.

சுண்டு


பிப்ரவரி 20

சுண்டு,

சளிக்குக் கஷாயம் போட்டியா இல்லையான்னு எழுதவே இல்லை. போடலைன்னு அர்த்தம்.

உன் கணக்கு உருப்படலை. பாட்டுல "ச" வர்ற இடத்துல எல்லாம் பாம்பு சீறுது. சுவர்ல இருந்த பல்லி ரெண்டும் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. தாளம் போடறவன் தட்டை அடிச்சா என் பல் கூசுது. நீயெல்லாம் ஒரு ஸ்பீக்கர்காரன்.

ஆனா அடிக்குரலை வெட்டினது பலிச்சிருக்கு. கீழ்வீட்டுக்காரர் ரொட்டியும் கையுமா வந்தார். சண்டைக்குத்தான் வர்றார்னு நான் புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டுப் போனா, "நேத்து நல்லாத் தூங்கினேன், அதைச் சொல்லத்தான் வந்தேன்"ங்கறார். வந்தவரை வாசல்லயே நிறுத்தறது மரியாதை இல்லையே. நின்னபடியே ரெண்டு பாட்டுக் கேட்டார். "பாடறவர் பல்லுல ஏதாவது சிக்கியிருக்கா"ன்னு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவ்வளவு முசுடு இல்லை போல. ரொட்டி நல்லாவே இருந்தது.

அம்மா


மார்ச் 4

அம்மா,

கஷாயம் போட்டேன், சத்தியமா. உன் உடம்பு எப்படி இருக்கு?

ரெண்டு வாரமா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டேன். கணக்கைத் திரும்பப் போட்டேன், மைக்கோட கம்பெனிக்குக் கூடக் கடிதம் எழுதினேன். நேத்து குளிச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் நம்ம வீடு ஞாபகம் வந்தது. ரிமோட்டுக்கு உறை, தண்ணி பாட்டிலுக்கு உறை, ரேடியோவுக்கு உறை, குழாய்க்கு உறை. ஒரு தடவை சோப்புக்குக் கூடப் பின்னிப் போட்டே.

உண்மையைச் சொல்லு. மைக்குக்கு உறை பின்னிப் போட்டியா?

சுண்டு


மார்ச் 19

சுண்டு,

முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறி இறங்க முடியுது.

ஆமாம், போட்டேன். பச்சைக் கம்பளி, நுனியில ஒரு குஞ்சம். வெறும் மைக்கைப் பார்க்கவே சகிக்கலை, தூசி படுமேன்னு போட்டேன். உறை போட்டா மைக்குக்குக் காது அடைச்சுப் போகும்னு எனக்கு எப்படிடா தெரியும். நீ முதல் கடிதத்துலயே எழுதியிருக்கணும். குஞ்சத்தைக் கழட்டி வச்சுட்டு, உறையைக் கழட்டி வச்சுட்டு, திரும்ப அளந்த கார்டு இதோட வருது.

ரெண்டு விஷயம் கேட்கணும். ஒண்ணு, அடிக்குரல்ல வெட்டினியே, அதைத் திருப்பிப் போட்டுடு. பாட்டு மெலிஞ்சு கிடக்கு. பகல்ல இப்ப கீழ யாரும் தூங்கறதில்லை. ரெண்டாவது, என் நாற்காலியில உட்கார்ந்தா சத்தம் ரெண்டு பக்கமும் சமமா வருது, பக்கத்து நாற்காலியில உட்கார்ந்தா எல்லாம் ஒரே பக்கமா ஒட்டிக்குது. அதுக்கு ஏதாவது வழி இருக்கா? சும்மாதான் கேட்கறேன், அவசரம் இல்லை.

மழைக்கு முன்னாடி குடை வாங்கிக்கோ.

அம்மா


ஏப்ரல் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். குடை வாங்கிட்டேன், அடுத்த நாளே பஸ்ஸுல தொலைச்சுட்டேன்.

புது அளவு அற்புதம். உன் ரூம் தங்கமான ரூம். குஞ்சத்தை மட்டும் எனக்கு அனுப்பிடு, பட்டறையில மாட்டி வைக்கணுமாம், முதலாளி கேட்கறார்.

பக்கத்து நாற்காலிக்கு வழி இருக்கு, ஆனா இலவசமா இல்லை. இடது ஸ்பீக்கரைக் காக்க வச்சது உன் ஒரு நாற்காலிக்காக மட்டும்தான். ரெண்டு நாற்காலிக்கும் வேணும்னா, ரெண்டு இடத்துலயும் அளந்து, ரெண்டுக்கும் நடுவுல ஒரு சமாதானத்துக்கு வரணும். ரெண்டு பேருக்கும் முழுசாக் கிடைக்காது. ரெண்டு பேருக்கும் நல்லாக் கிடைக்கும். உன் நாற்காலியில இப்ப கிடைக்கற சுத்தம் கொஞ்சம் குறையும், உனக்குச் சம்மதமான்னு சொல்லு.

அது சரி, கீழ்வீட்டுக்காரர் காலி பண்ணிட்டாரா? பக்கத்து நாற்காலியில யார் உட்கார்றா?

சுண்டு


ஏப்ரல் 18

சுண்டு,

நீ சௌக்கியமா இருக்கணும். இங்க வெயில் ஏறிடுச்சு. சமையல் ரூம் குழாய் ஒழுகிக்கிட்டே இருந்தது, சரி பண்ணியாச்சு. ஜன்னல் கொக்கியும் சரி பண்ணியாச்சு. மேல் அலமாரி கதவு ஒரு வருஷமா தொங்கிக்கிட்டு இருந்ததே, அதுவும் இப்ப நேரா இருக்கு.

கீழ்வீட்டுக்காரர் காலி பண்ணலை. ரொட்டி சுடற வேலைக்கு ஆள் வச்சுட்டு இவர் இப்ப பகல்ல கடையைப் பார்க்கறார். மத்தியானம் கடை சாத்தியிருக்கும்.

எனக்குக் கொஞ்சம் குறைஞ்சா பரவாயில்லை. ரெண்டு நாற்காலியிலயும் அளந்துட்டேன். உறை போடலை. உன் கேள்விக்குப் பதில் எல்லாம் கார்டுலயே இருக்கு, கணக்குப் போட்டுப் பார்த்துக்கோ.

அம்மா


ஜூன் 3

அம்மா,

நான் நல்லா இருக்கேன். எழுதறதுக்குத் தாமதமாயிடுச்சு.

கார்டைக் கேட்டேன், ஊளையோட பேச்சும் பதிஞ்சிருக்கு. ஒரே ஒரு கேள்விதான். ரெண்டாவது நாற்காலி எந்த நாற்காலி?

சுண்டு


ஜூன் 11

என் சுண்டுக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? ஒன்றரை மாசம் உன் கடிதம் வரலை. தபால்காரர் தெருமுனையில திரும்பற சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்துடுவேன். அவரே ஒரு நாள் "நான் என்னம்மா பண்ணட்டும், எழுதிக் கொண்டு வரவா"ன்னு கேட்டுட்டார்.

கார்டுல பேச்சும் பதிஞ்சிருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை. ஊளை மட்டும்தான் பதியும்னு நினைச்சேன். பதில் கார்டுல இருக்குன்னு நான் எழுதினது அளவைத்தான். கையும் களவுமா மாட்டிக்கிட்டேன்.

உன் அப்பா நாற்காலி இல்லை. அது ஜன்னல் ஓரமா அதே இடத்துல, நான் பின்னின நீல உறையோட அப்படியே இருக்கு. உட்கார்ந்து பாட்டுக் கேட்க வந்த முதல் நாள் கீழ்வீட்டுக்காரர் அதைக் காட்டி "இங்க உட்காரலாமா"ன்னு கேட்டார். வேண்டாம்னேன். ஏன்னு கேட்கலை. கீழே போனார். கொஞ்ச நேரம் கழிச்சுப் படியில தடால் புடால்னு சத்தம். தன் நாற்காலியைத் தலையில வச்சுத் தூக்கிட்டு வர்றார். ஒவ்வொரு திருப்பத்துலயும் சுவர்ல இடிச்சு, சுண்ணாம்பு எல்லாம் உதிர்ந்து, வீட்டு ஓனர் பார்த்தா ரெண்டு பேரையும் தெருவுல நிறுத்துவார். மூச்சு வாங்க என் நாற்காலி பக்கத்துல போட்டுட்டு, "இது என்னுது"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்தார். அன்னைக்கே எனக்கு அவரைப் பிடிச்சுப் போச்சு. சொல்ல வெட்கமா இருக்கு, ஆனா சொல்லிட்டேன்.

அவருக்கும் வீட்டுல யாரும் இல்லை, மனைவி போய் வருஷமாச்சு. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டிருக்கார். என் பையனைக் கேட்கணும்னு சொன்னேன். கேட்கத்தான் ஒவ்வொரு தடவையும் கடிதம் எழுத உட்கார்றேன், பேனா குழாயைப் பத்தியும் கொக்கியைப் பத்தியும் எழுதிடுது. குழாயும் கொக்கியும் சரி பண்ணினது அவர்தான்.

அம்பத்தெட்டு வயசுல இவளுக்கு என்ன வந்ததுன்னு ஊர் கேட்கும். கேட்டுட்டுப் போகட்டும். நீ அப்படிக் கேட்டா தாங்க மாட்டேன். அப்பாவை மறந்துட்டேன்னு மட்டும் நினைக்காதே. மறக்கலை. ஆனா நான் சந்தோஷமா இருக்கேன் சுண்டு. காலையில எழுந்திருக்கும்போதே சந்தோஷமா இருக்கு. எனக்கு இது வேணும். நீ சரின்னு சொன்னாத்தான் முழுசா வேணும்.

அவர்கிட்ட காத்திருங்கன்னு சொல்லியிருக்கேன். சாப்பிட்டுட்டு எழுது.

அம்மா


ஜூன் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

சாப்பிட்டுட்டுத்தான் எழுதறேன். ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன்.

அந்தக் கார்டுல என்ன இருந்ததுன்னு உனக்குத் தெரியணும். ஊளை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆம்பளைக் குரல், "இந்தத் தடவை லாரி ஓட்டுறது நானா, நீங்களா"ன்னு கேட்குது. அப்புறம் நீ சிரிக்கறே. ஊளை கீழே இருந்து மேல வரைக்கும் போய் முடியுது, நீ இன்னும் சிரிச்சுக்கிட்டே இருக்கே. நடுவுல ஒரு தடவை மூக்கால கூடச் சிரிச்சே. அளவா அது ஒண்ணுக்கும் உதவாது.

தேவையில்லாத சத்தத்தை எடுத்துட எங்ககிட்ட வழி இருக்கு. எடுத்துட்டுக் கணக்குப் போடலாம்னுதான் உட்கார்ந்தேன். உன் சிரிப்பைத் தனியா பிரிச்சு எடுத்தேன். அழிக்கறதுக்குக் கை வரலை. அப்பா இருந்தப்போ கேட்ட சிரிப்பு அது. திரும்பக் கேட்பேன்னு நான் நினைக்கவே இல்லை.

முதல்ல கோபம்தான் வந்தது, மறைக்கலை. உன் வீட்டுல சத்தம் வரணும்னு நான் மரம் அறுத்து, கம்பி சுத்தி, கணக்குப் போட்டுப் பெட்டி பெட்டியா அனுப்பறேன், ஒரு மனுஷன் ஒரு ரொட்டியைத் தூக்கிட்டு வந்து அந்த வேலையை முடிச்சுட்டார். பொறாமை அம்மா, சுத்தமான பொறாமை. அப்புறம் அப்பாவோட நாற்காலியோன்னு ஒரு பயம். அதைக் கேட்க ஒரு வரி எழுதறதுக்குள்ள ஒன்றரை மாசம் போயிடுச்சு. அவர் நாற்காலியைத் தலையில வச்சுத் தூக்கிட்டு வந்ததைப் படிச்சுட்டுப் பட்டறை வாசல்ல போய் நின்னு அழுதேன். முதலாளி வந்து என்னடான்னார். எங்க அம்மாவுக்குக் கல்யாணம்னேன். அவர் பயந்துட்டார்.

கிட்ட இருக்கற ஸ்பீக்கர், தூரத்துல இருக்கறதுக்காகக் கொஞ்சம் நின்னு வரணும்னு எழுதினேனே. இங்க தூரத்துல இருக்கறது நான்தான். நான் வந்து சேர்ந்துட்டேன். இனிமே அவரைக் காக்க வைக்காதே.

நீ எல்லாத்துக்கும் உறை போடறவ. இந்த சந்தோஷத்துக்கும் போட்டுட்டே. கழட்டிடு அம்மா.

இதோட கார்டு வச்சிருக்கேன். பெட்டியில முதல் பொத்தான் உன் நாற்காலிக்கு, ரெண்டாவது பொத்தான் ரெண்டு நாற்காலிக்கும். அடிக்குரலையும் திருப்பிப் போட்டாச்சு. சிரிப்புக்கு நடுவுல கிடைச்சதை வச்சுப் போட்ட கணக்கு, அங்கங்க கொஞ்சம் பிசிறும். நானே நேர்ல வந்து அளக்கறேன். அவர்கிட்ட சொல்லு, வரும்போது என் நாற்காலியை நானே தூக்கிட்டு வருவேன்னு.

உன்
சுண்டு


ஜூலை 1, தபால் கார்டு

சுண்டு,

நலம். முழங்கால் நல்லா இருக்கு. வர்ற இருபதாம் தேதி காலையில பதிவு ஆபீஸ்ல எனக்கும் கீழ்வீட்டு ரொட்டிக்காரருக்கும் கல்யாணம். எனக்கு ரொம்ப சந்தோஷம். ரெண்டாவது பொத்தான்தான் எப்பவும் போட்டிருக்கு. நீ ரெண்டு நாள் முன்னாடியே வா.

கவர் இருக்கு, ஒட்டப் பசையும் இருக்கு. வேணும்னுதான் கார்டுல எழுதறேன். பிரிக்கற இடத்துல இதைப் படிக்கறவங்க நல்லாவே படிங்க. கைக்குக் கை மாத்தி என் பையனுக்குத் தாமதம் பண்ணாம அன்னைக்கே அனுப்பிடுங்க.

அம்மா

(ஓரத்துல, வேற வேற பேனாவுல)

படிச்சுட்டோம். உடனே அனுப்பறோம். — நாங்க ஆறு பேரும் வர்றோம். — தம்பி, வரும்போது குடை கொண்டு வாங்க, இங்க மழை. — மாப்பிள்ளையோட ரொட்டிக் கடை எந்தத் தெருன்னு அம்மா எழுதலை, கேட்டுச் சொல்லுங்க.